நிற்கும் பதினான்கு வீடுகளை இடித்துவிட்டதாகக் கையெழுத்திட்ட என் மீது வழக்குப் பதியக் கோரும் மனு

அனுப்புநர்
ஹைரெத்தின் பலபான் (வயது 71),
முன்னாள் ஊர்த் தலைவர்,
கதவு எண் 4, ஓடைத்தெரு,
இன்ஜெசாஸ் கிராமம்,
யெனிபாயிர் வட்டம், திராக்யா.

பெறுநர்
உயர்திரு தலைமை அரசு வழக்குரைஞர் அவர்கள்,
வட்ட நீதிமன்ற வளாகம், யெனிபாயிர்.

புகார் கொடுப்பவர்: மேற்படி ஹைரெத்தின் பலபான்.
புகாருக்கு உள்ளானவர்: மேற்படி ஹைரெத்தின் பலபான்.

பொருள்: கைவிடப்பட்ட இன்ஜெசாஸ் நிலக்கரி மின்நிலையத் திட்டத்துக்காக, ஊர்த் தலைவர் பொறுப்பில் இருந்தபோது பொய்யான இடிப்பு அறிக்கையில் கையெழுத்தும் முத்திரையும் இட்டது, அதன் பேரில் விசாரணை நடத்தி வழக்குப் பதிய வேண்டுவது தொடர்பாக.

பார்வை: 1. 27.12.2017 நாளிட்ட இடிப்பு அறிக்கை. 2. 26.08.2024 நாளிட்ட கட்டட அகற்றல் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

மேலே இரண்டு இடத்திலும் ஒரே பெயர் இருப்பது எழுத்துப் பிழை அன்று. இதே புகாரைத் தங்கள் அலுவலக முகப்பில் இருமுறை கொடுத்தேன். புகார்தாரரும் எதிரியும் ஒரே ஆளாக இருந்தால் கணினி ஏற்காது என்று இருமுறையும் திருப்பித் தந்தார்கள். அங்கே இருக்கும் அலுவலர் மரியாதையானவர். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கணினியில் ஏறாததைக் கையால் எழுதிக் கொடுத்தால் தாங்கள் படிப்பீர்கள் என்று அவர்தான் சொன்னார். எனவே எழுதுகிறேன்.

1. நான் 2009 முதல் 2019 வரை இன்ஜெசாஸ் ஊர்த் தலைவராக இருந்தேன். கோதுமையும் சூரியகாந்தியும் பயிரிடுகிறேன். மேட்டுச் சரிவில் சிறிய திராட்சைத் தோட்டம் ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். என் மேல் இதற்குமுன் எந்த வழக்கும் கிடையாது.

2. எங்கள் நிலத்துக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்பது என் தகப்பனார் காலத்திலேயே தெரிந்த செய்தி. 2013-இல் கொர்தான் மின்னுற்பத்தி நிறுவனம் வந்து, அறுநூறு மெகாவாட் நிலையம் ஒன்றை எங்கள் ஊரில் கட்டப்போவதாக அறிவித்தது. ஓடைத் தண்ணீர் தேவைப்பட்டதால் ஓடைத்தெருவின் பதினான்கு வீடுகளும் எடுக்கப்படும் என்றும், அதற்குப் பதிலாக மேட்டில் 'புதிய இன்ஜெசாஸ்' என்ற குடியிருப்பு கட்டித் தரப்படும் என்றும் சொன்னார்கள். எண்ணூறு பேருக்கு வேலை என்றார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. தேநீர்க்கடையில் சன்னலோரம் எதிர்ப்பவர்கள், அடுப்போரம் ஆதரிப்பவர்கள் என்று மேசைகள்கூடப் பிரிந்துபோயின. நான் அடுப்போரம் உட்கார்ந்தேன்.

3. சன்னலோரத்தில் முதல் ஆள் ருஸ்தெம். ஒன்பதாம் எண் வீட்டுக்காரர். முப்பது ஆண்டுகள் அவரும் நானும் ஒரே அறுவடை இயந்திரத்தைப் பங்கிட்டு வாடகைக்கு எடுத்தவர்கள். தம் வீட்டு முகப்பில் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டி, "எங்களுக்குப் புகை வேணும்னா நாங்களே அடுப்பு மூட்டிக்குவோம்" என்று பெயின்டால் எழுதிவைத்திருந்தார். ஒருநாள் நான் கடைக்குள் நுழைந்ததும் எல்லோர் முன்னிலையிலும், "நிலையம் கட்டுறதுக்கு முன்னாடியே தலைவருக்குக் கரண்ட் அடிச்சிருச்சுடா, முகத்துல பிரகாசத்தைப் பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். அன்று முதல் நான் அவரோடு பேசவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு மேல் பேசவில்லை.

4. நான் நிறுவனத்திடம் பணம் வாங்கவில்லை. ஆனால் எதுவுமே வாங்கவில்லை என்று எழுதினால் இந்த மனுவும் பொய்யாகிவிடும். என் மகன் ஓன்தெர் சோர்லுவில் துணி ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கொர்தான் நிறுவனத்தின் வட்டாரப் பொறுப்பாளர் தைலான் என்பவர் அவனுக்குக் கட்டுமானத் தளத்தில் வாகனப் பொறுப்பாளர் வேலை போட்டுக் கொடுத்தார். மகனும் மருமகளும் பேத்தியும் 2017 கோடையில் ஊருக்கே வந்துவிட்டார்கள். என் மனைவி முனீரா அந்த ஆண்டு ஊறுகாய் போட்ட ஜாடிகளின் எண்ணிக்கையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் வாங்கியது இதுதான்.

5. 27.12.2017 புதன்கிழமை பிற்பகல் தைலானும், வட்டக் கட்டடப் பிரிவுத் தொழில்நுட்பர் ஃபெரிதூனும் என் வீட்டுக்கு வந்தார்கள். சமையலறை மேசையில் ஓர் அறிக்கையை விரித்தார்கள். 'இன்ஜெசாஸ் ஓடைத்தெருவில் உள்ள 1 முதல் 14 வரை எண்ணிட்ட கட்டடங்கள் முழுமையாக இடிக்கப்பட்டு, குடியிருந்தோர் புதிய இன்ஜெசாஸில் குடியமர்த்தப்பட்டனர் என்பதை மூவர் குழுவாகிய நாங்கள் நேரில் கண்டு சான்றளிக்கிறோம்' என்று அதில் அச்சாகியிருந்தது. மூவர் என்பது ஊர்த் தலைவர், தொழில்நுட்பர், நிறுவனப் பிரதிநிதி.

நான் படித்தேன். படிக்காமல் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். இருமுறை படித்தேன்.

தைலான் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "தலைவரே, இது வெறும் காகிதம். வருஷம் முடியறதுக்குள்ள இதைக் காட்டினாத்தான் வங்கி ரெண்டாவது தவணையை விடும். பணம் வந்தா வசந்தத்துல மேட்டுல வீடு எழும்பிடும். அப்புறம் இந்த வீடுங்க எப்படியும் இடியப்போகுது. தேதிதான் கொஞ்சம் முன்னப் பின்ன."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி, "இடிச்சாச்சுன்னு எழுதியிருக்கே, நாம இப்ப உள்ளதானே உக்காந்திருக்கோம்?" என்று கேட்டார்.

"வங்கிக்காரன் கண்ணுக்கு மட்டும் வெளியில இருக்கோம் அக்கா" என்று தைலான் சிரித்தார். ஃபெரிதூன் சிரிக்கவில்லை. அவர் முதலில் கையெழுத்திட்டார். பிறகு நான் கையெழுத்திட்டு, சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்து மையில் தோய்த்துப் பதித்தேன். முதல் தடவை சரியாக விழவில்லை. மறுபடியும் பதித்தேன். அறிக்கையில் இரண்டு முத்திரைகள் இருப்பதைத் தாங்கள் காணலாம்.

6. தவணை வந்தது என்று பின்னர் கேள்விப்பட்டேன். அடுத்த மாதமே ஓடைத்தெரு என்ற தெரு முகவரிப் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. அதில் குடியிருந்தோர் அனைவரும் புதிய இன்ஜெசாஸ் முகவரிக்கு மாற்றப்பட்டார்கள். பத்திரப் பதிவிலும் பதினான்கு வீடுகள் போய், பதினான்கு வெற்று வயல்கள் வந்தன. தபால்காரர் எங்கள் எல்லோரையும் அறிந்தவர், மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் இருந்த இடத்திலேயே இருந்தன என்பதால் யாருக்கும் சிரமம் தெரியவில்லை. வாக்காளர் சீட்டில் புது முகவரியைப் பார்த்த ருஸ்தெம், "மேட்டுல எனக்கு வில்லா இருக்காம். சாவி மட்டும் இன்னும் வரல" என்று கடையில் சொல்லிச் சிரித்தாராம். அது எப்படி வந்தது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

7. நிறுவனம் விழுந்த கதை தங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். கடன் டாலரில் இருந்தது. 2018 கோடையில் லிரா சரிந்தபோது கொதிகலனுக்கும் சுழலிக்கும் கொடுக்க வேண்டியது இரட்டிப்பானது. மேட்டில் எங்களுக்கும் நிலைய ஊழியர்களுக்குமாக இருபத்தாறு வீடுகளுக்கு அடித்தளம் மட்டும் போட்டிருந்தார்கள். ஒருநாள் காலையில் கான்கிரீட் கலவை வண்டி வரவில்லை, மறுநாளும் வரவில்லை, பிறகு வரவே இல்லை. 2019 தொடக்கத்தில் நிறுவனம் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. 2020 அக்டோபரில் திவாலானதாக அறிவிக்கப்பட்டது. தைலானின் கைப்பேசி எண் இப்போது வேறு யாரோ ஒரு பெண்மணியிடம் இருக்கிறது. அவர் என்னிடம் இனி அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுள்ளார்.

என் மகன் சோர்லுவுக்கே திரும்பிப் போனான். நான் கையெழுத்திட்டது எதற்காக என்று அவனுக்குத் தெரியும். பெருநாளுக்கு வருகிறான். காரைத் தெருவுக்குள் கொண்டுவராமல் பள்ளிவாசல் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வருகிறான்.

8. 2021 வசந்தத்தில் நீதிமன்றம் சுற்றுச்சூழல் அனுமதியை நீக்கியது, திட்டமும் கைவிடப்பட்டது. அன்று தேநீர்க்கடையில் மேசைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் போட்டார்கள். ருஸ்தெம் அவராகவே எழுந்து நான் இருந்த மூலைக்கு வந்தார். கையில் இரண்டு கோப்பைத் தேநீர். "கம்பெனியும் செத்துச்சு, நம்ம சண்டையும் செத்துச்சு. குடி" என்றார். நான் குடித்தேன். அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கிடைத்த சரியான நேரம் அதுதான். சொல்லவில்லை. அவர் தம் அறுவடையைப் பற்றிப் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் வாரம் இரண்டு மூன்று முறை சேர்ந்து உட்கார்ந்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அடுத்த முறை சொல்லலாம் என்று இருந்தேன்.

9. 12.03.2024 செவ்வாய்க்கிழமை. நோன்பின் இரண்டாம் நாள். காலை பத்தரை மணியளவில் ருஸ்தெம் தம் வீட்டு முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் மனைவி குல்ஸூம் அவசர உதவிக்கு அழைத்தார். அவரிடம் இருப்பது பழைய பட்டன் கைப்பேசி; அழைப்பவர் இருக்குமிடத்தை அது காட்டாது. பேசியது என்ன என்று அவர் என்னிடம் கூறியபடி எழுதுகிறேன்:

"இன்ஜெசாஸ், ஓடைத்தெரு, ஒன்பது."

"அம்மா, அந்த ஊர்ல அப்படி ஒரு தெருவே காட்டலையே. ஐயாவோட அடையாள எண்ணைச் சொல்லுங்க."

சொன்னார்.

"வந்திருச்சும்மா. புதிய இன்ஜெசாஸ், ஒன்பது. வண்டி கிளம்பிருச்சு. பதற்றப்படாதீங்க."

குல்ஸூம் அதைக் கவனித்துத் திருத்தும் நிலையில் இல்லை. கணவரின் தலை அவர் மடியில் இருந்தது. வண்டியோட்டி பக்கத்து வட்டத்திலிருந்து மாற்றுப் பணிக்கு வந்தவர்; ஊரை அறியாதவர். ஊருக்குள் நுழையாமல் புறவழியாக மேட்டுக்கு ஏறிவிட்டார்.

10. நான் அப்போது சரிவில் திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தேன். மேட்டுக்கு ஆம்புலன்ஸ் ஏறுவதைப் பார்த்தேன். இருபத்தாறு அடித்தளங்களுக்கு நடுவே அது போவதும், திரும்புவதும், நிற்பதும் தெரிந்தது. ஒருவர் இறங்கி இடுப்பளவு புல்லுக்குள் நடந்தார். அந்த மேட்டில் மனிதர் எவரும் கிடையாது. வண்டி யாரைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியாது. ஏன் அங்கே வந்து தேடுகிறது என்று எனக்குத் தெரியும். பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது.

ஐயா, இந்தப் பத்தியை எழுதத்தான் இரண்டு வாரம் ஆயிற்று. நான் உடனே போகவில்லை. போனால், ஏன் இப்படி ஆனது என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். அவர்களாகவே வழி கண்டு இறங்கிவிடுவார்கள் என்றும் நினைத்தேன். இரண்டு கொடிகளைக் கவாத்து செய்து முடித்தேன். மூன்றாவது கொடிக்குப் போனபோது வண்டி இன்னும் அங்கேயே நின்றது. அப்போதுதான் டிராக்டரை எடுத்தேன். இரண்டு கொடிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று திராட்சை வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இது சட்டப்படி குற்றமா என்பதை நான் அறியேன். குற்றமானால் இதையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

11. வண்டியோட்டி என்னைப் பார்த்ததும், "பெரியவரே, ஒன்பதாம் நம்பர் வீடு இங்கதான்னு காட்டுது. வீடு எங்க?" என்று கத்தினார். பின்னால் வரச் சொன்னேன். ஓடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தபோது பதினொன்று நாற்பது. அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். பயன் இல்லை. மருத்துவர் என்ன எழுதினார் என்பது மருத்துவமனைப் பதிவில் இருக்கும்.

அடக்கத்தின்போது எல்லோரும் அந்தக் கணினியைத் திட்டினார்கள். "மெஷினை நம்பினா இதான் கதி" என்றார்கள். நானும் தலையசைத்தேன். நான்கு பேரில் ஒருவனாகப் பெட்டியைச் சுமந்தேன்.

12. 26.08.2024 அன்று வட்ட அலுவலகத்திலிருந்து வந்து பதினான்கு கதவுகளிலும் அறிவிப்பு ஒட்டினார்கள். நில எடுப்பு ஏற்கெனவே திரும்பப் பெறப்பட்டு நிலம் எங்கள் பெயருக்கே வந்துவிட்டது. ஆனால் பத்திரத்தில் அது வெற்று வயல். வானிலிருந்து எடுத்த புதிய படத்தில் வயல்களின் மேல் பதினான்கு கூரைகள் தெரிந்திருக்கின்றன. எனவே இவை 2017 இடிப்புக்குப் பிறகு அனுமதியின்றி எழுப்பப்பட்ட கட்டடங்கள் என்றும், 28.02.2025-க்குள் உரிமையாளர்களே அகற்றாவிட்டால் அரசு அகற்றும் என்றும் அறிவிப்பு கூறுகிறது. என் வீட்டை என் பாட்டனார் 1931-இல் கட்டினார். ருஸ்தெமின் வீடு அதற்கும் முந்தையது. பதினான்கில் பதினொரு வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

2017 இடிப்பு என்றால் என்ன என்று அன்று தெருவில் எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். என்னையும் கேட்டார்கள்.

13. இரண்டு நாள் கழித்து, காலையில், குல்ஸூமின் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் துணி விரித்துக் குளிர்காலச் சூப்புக்கான தர்ஹானா மாவை உலர்த்திக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தைச் சொன்னேன். இரண்டு கொடிகளையும் சொன்னேன். அவர் மாவை உதிர்ப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் வெகுநேரம் உதிர்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதை என்கிட்ட வந்து ஏன் சொல்ற? நான் மன்னிச்சேன்னு சொல்லணுமா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"அப்ப சரி. எழுதினது நீ. போய் அழிச்சிட்டு வா."

அன்று மாலை தேநீர்க்கடையில் மற்றவர்களிடமும் சொன்னேன். யாரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைக்காரர் என் தேநீருக்குக் காசு வாங்கிக்கொண்டார். பத்து ஆண்டு தலைவராக இருந்த காலத்திலும் அதன் பின்னும் அவர் என்னிடம் காசு வாங்கியதில்லை.

14. அழிப்பதற்காக நான் சென்ற இடங்கள்:

முகவரிப் பதிவு அலுவலகத்தில், பத்திரப் பதிவு மாறினால் தாங்களும் மாற்றுவோம் என்றார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் நெஸாஹத் என்ற அலுவலர் கோப்பை எடுத்துப் பொறுமையாகப் படித்தார். அறிக்கையைத் திரும்பப் பெற அதே மூவர் குழு மறுபடி கையெழுத்திட வேண்டும் என்றார். ஃபெரிதூன் 2021-இல் கொரோனாவில் இறந்துவிட்டார். நிறுவனப் பிரதிநிதி என்று சொல்ல நிறுவனமே இல்லை. இஸ்தான்புல்லில் உள்ள திவால் நிர்வாகிக்கு எழுதினேன். இல்லாத நிறுவனத்தின் சார்பில் எவரும் புதிதாகச் சான்றளிக்க இயலாது என்றும், மேற்படி அறிக்கையின் பேரில் கடன் வழங்கப்பட்டிருப்பதால் கடன்காரர்களின் நலனைக் கருதி அதைத் தாமாக மாற்றும் அதிகாரமும் தமக்கு இல்லை என்றும் பதில் வந்தது. இரண்டு வரிப் பதில். கையெழுத்து அழகாக இருந்தது.

வீட்டையே நேரில் வந்து பார்க்கலாமே என்று நெஸாஹத் அம்மையாரிடம் கேட்டேன். "வந்து பாத்தா வீடு இருக்குன்னு தெரியும் மாமா. பழைய வீடா, புதுசா கட்டினதான்னு யாரு சொல்றது? நீங்க சொல்லணும். நீங்கதான் ஏற்கெனவே வேற மாதிரி சொல்லி முத்திரை குத்திட்டீங்களே" என்றார். சற்று நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்த அறிக்கை பொய்னு கிரிமினல் கோர்ட்டு தீர்ப்பு சொன்னா, அன்னிக்கே நான் பதிவை நீக்கிடுவேன். ஆனா அதுக்கு யாராவது உங்க மேல புகார் கொடுக்கணும். வேற வழி எனக்குத் தெரியல" என்றார்.

15. எனவே என் மேல் புகார் கொடுக்கும்படி தெருவில் வீடு வீடாகக் கேட்டேன். இரண்டாம் எண் வீட்டுக்காரர், தாமும் அப்போது குடிபெயர்வுப் படி வாங்கியிருப்பதாகவும் தோண்டினால் தம் பெயரும் வரும் என்றும் சொன்னார். ஏழாம் எண் வீட்டு மருமகள், "உங்க முத்திரை போட்டுத்தான் எங்க கல்யாணப் பேப்பரே வந்துச்சு தாத்தா. உங்களை எப்படி?" என்று அழுதாள். மற்றொருவர் கதவைத் திறக்கவில்லை. குல்ஸூம், "கோர்ட்டு வாசல்ல நிக்க எனக்குக் காலு இல்ல. நீயே நில்லு" என்றார். என் மனைவி தான் கொடுப்பதாகச் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. நாற்பத்தாறு ஆண்டு மணவாழ்க்கையில் அவர் என் மேல் புகார் கொடுக்கக் காரணங்கள் பல இருந்தன. இதற்காக அவர் பெயர் கோப்பில் ஏற வேண்டாம்.

ஆகவே புகார் கொடுக்க நான் மட்டுமே எஞ்சினேன்.

16. மேற்கண்ட காரணங்களால் தாங்கள் செய்யுமாறு நான் வேண்டுவது:

27.12.2017 அறிக்கை தொடர்பாக என் மீது முறையாக வழக்குப் பதிந்து விசாரிக்க வேண்டும். நான் எதையும் மறுக்க மாட்டேன் என்பதால் விசாரணை நீளாது. கையெழுத்தையும் முத்திரையையும் ஒப்பிட எந்த நிபுணரும் தேவையில்லை, இரண்டும் என்னுடையவை. தைலான் எங்கிருந்தாலும் அவரையும் அழைத்து விசாரிக்க வேண்டும். ஆனால் அவர் கிடைக்கும்வரை என் வழக்கை நிறுத்திவைக்க வேண்டாம்.

தீர்ப்பு வரும்வரை 28.02.2025 அகற்றல் நடவடிக்கையை நிறுத்திவைக்க வட்ட அலுவலகத்துக்குத் தாங்கள் எழுத வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, ஓடைத்தெரு இருக்கும் இடத்தை அவசர உதவி அலுவலகத்துக்காவது உடனே தெரிவிக்க வேண்டும். ஐந்தாம் எண் வீட்டில் எண்பத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் படுக்கையில் இருக்கிறார். ஏழாம் எண் வீட்டு மருமகளுக்கு ஜனவரியில் பேறுகாலம். இதற்குத் தீர்ப்பு தேவைப்படாது என்று நம்புகிறேன்.

தண்டனையைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. வயதைக் காட்டிக் கேட்கவும் இல்லை. வயதைப் பற்றி எழுதுவது வேறு ஒரு காரணத்துக்காக. என் இதய வால்வு ஒன்று சரியாக மூடுவதில்லை என்று சென்ற மாதம் மருத்துவர் சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டால் வழக்கும் முடிந்துவிடும் என்று கேள்விப்படுகிறேன். அந்த அறிக்கையில் கையெழுத்திட்ட மூவரில் ஒருவர் இறந்துவிட்டார், ஒருவரைக் காணவில்லை. நானும் போய்விட்டால் அது பொய் என்று சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள். பிறகு அது உண்மையாகிவிடும். தாங்கள் விரைந்து என்னைக் குற்றவாளியாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வது அதனால்தான்.

நான் எங்கும் போகப்போவதில்லை. வியாழக்கிழமைகளில் சந்தைக்கு யெனிபாயிர் வருவேன்; வரும்போதெல்லாம் தங்கள் அலுவலக வாசலில் காத்திருப்பேன். மற்ற நாட்களில் எப்போது அழைத்தாலும் வருவேன்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) ஹைரெத்தின் பலபான்

இடம்: இன்ஜெசாஸ்
நாள்: 21.11.2024

இணைப்பு: இடிப்பு அறிக்கையின் நகல், அகற்றல் அறிவிப்பு, திவால் நிர்வாகியின் பதில், பதினான்கு வீடுகளின் ஒளிப்படங்கள், வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றபடி (மூவர் நிற்க மறுத்துவிட்டார்கள்).

சாட்சி: குல்ஸூம், ருஸ்தெமின் மனைவி, கதவு எண் 9.
மேற்கண்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். என் வாயால் சொன்னதைக் கீழே அப்படியே எழுதச் சொன்னேன்:

"இதுல இருக்கிறது நடந்தது. இவனை ஜெயில்ல போடுங்கன்னு நான் கேக்கல. போடாதீங்கன்னும் சொல்லல. அது உங்க வேலை. நான் கேக்கறது ஒண்ணுதான். வீடு இருக்கு, அதுல நான் இருக்கேன்னு எழுதுங்க."

(இடது பெருவிரல் ரேகை)